கிளிநொச்சி மாஸ்ரர்

யாழ்ப்பாண நகரத்தில் வாடகைக்கு வீடு தேடிப் போகிறவர்களுக்கு வீட்டைக் காட்டுவதற்கு முன் ஒரு கதிரையைக் காட்டுவார்கள். அதில் இருத்தி வைத்து விசாரித்து முடிந்த பிறகுதான் அறை, குசினி, கிணறு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். விசாரணையில் தோற்றவர்களுக்குக் கதிரையோடு சரி. அந்த ஆடி மாதத்தில் பாலேஸ்வரி எத்தனையோ கதிரைகளில் இருந்து எழும்பிவிட்டாள். ஒரு வீட்டின் குசினியைக்கூட அவள் இன்னும் பார்க்கவில்லை.

அவள் வந்தது முல்லைத்தீவுக் கரையில் உள்ள அலம்பிலில் இருந்து. ஒரே மகள் நிரோஜினிக்கு நகரத்தில், பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட, இரத்தம் சோதிக்கும் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு நாள் பிந்தினாலும் முகம் சுளிக்கிற இடம். அலம்பிலில் இருந்து பஸ் ஏறினால் வந்து சேர்வதற்குள் அரை நாள் போய்விடும். கந்தர்மடத்தில் மூன்று பெண்களோடு ஓர் அறையில் நிரோஜினி தங்கியிருந்தாள். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வீட்டுச் சொந்தக்காரர் குடும்பத்தோடு வருகிறார்கள், ஆடி முடிவதற்குள் எல்லோரும் அறையை விட்டுவிட வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. முருகன் தேரில் ஏற முன்னம் வாடகைக்கு இருக்கிற பிள்ளைகள் தெருவில் இறங்க வேண்டும். இது அந்த ஊரில் வருசா வருசம் நடக்கிற காரியம். ஆடி முடிவதற்குள் வீடு கிடைக்காவிட்டால் நிரோஜினி வேலையை விட்டுவிட்டு அலம்பிலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

வீடு காட்டியவன் பிரகலாதன். ஓட்டோ ஓட்டுகிறவன். ஓட்டத்துக்கும் காசு, வீடு அமைந்தால் அதற்கும் காசு. நகரத்தை அவன் மீனைத் துண்டு போடுவது போலத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தான். நல்லூர்ப் பக்கம் வெளிநாட்டுக் காசு வேண்டும், நினைக்கவே வேண்டாம் என்றான். திருநெல்வேலியில் பல்கலைக்கழகப் பிள்ளைகளால் வாடகை ஏறிப்போய்க் கிடக்கிறது என்றான். கொக்குவில் பரவாயில்லை, ஆனால் ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்றான். மலிவு எங்கே என்று பாலேஸ்வரி கேட்டபோது கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

“மலிவெண்டால் கொழும்புத்துறை. ஆனா உங்களுக்குச் சரிவராதக்கா.”

“ஏன்?”

“தண்ணி நிக்கிற இடம்,” என்றான். தண்ணீரைப் பற்றி அவன் கதைக்கவில்லை, அங்கே இருக்கிற கடற்தொழில் ஆட்களைப் பற்றித்தான் கதைக்கிறான் என்பது அவளுக்கு விளங்கியது.

முதலில் பார்த்த வீட்டின் சொந்தக்காரர் லண்டனில் இருந்தார். காவலுக்கு இருந்தவர் கைத்தொலைபேசியை ஒரு சாடியில் சாய்த்து வைத்தார். லண்டன்காரர் கழுத்துவரை போர்த்துக்கொண்டு திரையில் தோன்றி, சொந்த இடம் எது என்று கேட்டார். அலம்பில் என்றாள். அது இருக்கிற இடம், சொந்த இடம் எது என்றார். அதுதான் என்றாள். அவர் உடனே, தன் அண்ணன் மகன் அடுத்த மாதம் வருவதாக இப்போதுதான் நினைவு வருகிறது என்றார்.

இன்னொரு வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைக்கக் கூடாது என்றார்கள். தங்கள் வீடு தலைமுறை தலைமுறையாகச் சைவம் என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேற்றடியில் மீன்காரனின் ஹோர்ன் கேட்டது. அவனோ இந்த வீட்டைத் தாண்டிப் போகாமல் நின்று, “அம்மா, பாரை இருக்கு, நேற்றுக் கேட்டனீங்கள்” என்று கூப்பிட்டான். அந்த அம்மா திரும்பியே பார்க்கவில்லை. பாலேஸ்வரி எழும்பி வெளியே வந்து, பாரை நல்ல பாரையா என்று செவுளைத் தூக்கிப் பார்த்து, “அம்மாவுக்கு இதைக் குடும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். நிரோஜினி ஓட்டோவுக்குள் ஏறும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். சிரித்து முடிந்ததும் இருவருக்கும் வீடு இல்லை என்பது அப்படியே இருந்தது.

பிரகலாதன்தான் அன்று சொன்னான். அலம்பில் என்று சொல்லுவதில்தான் பிழை இருக்கிறது. அந்தக் கரைப் பெயரைக் கேட்டதும் கதவு சாத்துப்படுகிறது. பிறந்த இடத்தைச் சொன்னால் என்ன? சொல்லுவது பொய்யும் இல்லையே.

பொய் இல்லைதான். பாலேஸ்வரி பிறந்தது சண்டிலிப்பாயில். தகப்பன் புகையிலைத் தோட்டக்காரர் கந்தவனம். பெயர் சொன்னால் வலிகாமத்தில் நாலு பேருக்குத் தெரிந்த ஆள். தொண்ணூற்றைந்தில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்து ஓடியபோது, கிளாலிக் கடலைக் கடக்க அவளை ஏற்றிய படகை ஓட்டியவன் செல்வரட்ணம். குருநகர்க் கடற்தொழிலாளி, கத்தோலிக்க வேதக்காரன். பாதிக் கடலில் இயந்திரம் நின்றுபோய், ஆட்கள் எல்லாம் தெய்வங்களைக் கூப்பிட, அவன் மட்டும் வாயில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இயந்திரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டுக்குத்தான் அவள் போனாள் என்று பிறகு பகிடியாகச் சொல்லுவாள். வன்னியில் அவனைக் கட்டிய அன்றோடு அண்ணன் நமசிவாயம் அவளுக்கு இல்லாமல் போனார். தாய் செத்த செய்தியைக்கூட அவள் பேப்பரில் பார்த்துத்தான் அறிந்தாள்.

செல்வரட்ணம் இப்போது இல்லை. அவருடைய ஆட்களும் குருநகரில் இல்லை. இருந்த ஒரு தங்கச்சி பிரான்சில். ஆகவே அம்மாவும் மகளும் யாரும் தெரியாத ஆட்களாகவே நகரத்தில் வீடு தேடினார்கள்.

கொக்குவில் ஒழுங்கை ஒன்றில் கமலாவதியின் வளவு இருந்தது. முன் வீட்டில் அவர் தனியே. பிள்ளைகள் ரொறன்ரோவில். பின்னால் இரண்டு அறை, குசினி, மாபிள் பதித்த குளியலறையோடு சின்ன வீடு. நிரோஜினி வேலைக்குச் சைக்கிளில் போய்வரலாம். கதிரையில் இருத்தியதும் அதே கேள்வி வந்தது. பாலேஸ்வரிக்குக் களைப்பாக இருந்தது. “பிறந்தது சண்டிலிப்பாய்,” என்றாள்.

“சண்டிலிப்பாயிலை எவடம்? ஆற்றை மகள்?”

“புகையிலைக் கந்தவனத்தின்ரை.”

கமலாவதி எழும்பிவிட்டார். நமசிவாயத்தாரின் தங்கச்சியோ, அவர் என் மனுசனோடு ஒன்றாகப் படித்தவர் அல்லவோ, சொல்லிக்கொண்டு வந்திருக்கலாமே என்றெல்லாம் சொல்லி, வெளி விறாந்தையில் இருந்தவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பிளாஸ்டிக் தம்ளரில் வந்து ஆறிக்கிடந்த தேத்தண்ணி எடுபட்டு, கண்ணாடி அலுமாரியில் இருந்து இறங்கிய பூப்போட்ட கோப்பையில் வேறு தேத்தண்ணி வந்தது. கேட்காமலே வாடகையும் குறைந்தது. எங்கடை ஆட்களிடம் நான் காசு பார்ப்பதில்லை என்றார் கமலாவதி.

அதாவது, அலம்பில்காரிக்கு ஒரு விலை, கந்தவனத்தின் மகளுக்கு ஒரு விலை. வீடு ஒன்று, கிணறு ஒன்று, கேட்கிற ஆளும் ஒன்று. பாலேஸ்வரி தேத்தண்ணியைக் குடித்தாள். நல்ல தேத்தண்ணி. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒழுங்கையால் நடந்து வரும்போது, உன் அப்பாவைப் பற்றி அவ ஒன்றும் கேட்கவில்லையே என்று தாய் சொன்னாள். நிரோஜினி நடையை நிறுத்தவில்லை.

“கேக்காததை நீங்கள் ஏன் சொல்லோணும்? எனக்கு இந்த வேலை வேணும், அம்மா. படுக்க ஒரு இடம் வேணும். அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.”

பிள்ளை சொன்னது சரி. செல்வரட்ணம் அதைத்தான் சொல்லியிருப்பார். தன்னைப் பற்றி யாரிடமும் ஒன்றும் எடுத்துச் சொல்லத் தெரியாத மனுசன். பாலேஸ்வரி வீட்டுக்குச் சம்மதம் சொல்லியனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் என்று கமலாவதியே பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னார். பிரகலாதனின் ஓட்டோவில் இரண்டு பைகள், ஒரு பாய், புதுப் பானை, பால், இவ்வளவோடு வந்து இறங்கினார்கள். வீடு குடிபுக முதலில் அடுப்பில் பால் வைத்து அது பொங்கி வழிய வேண்டும். பொங்கி வழிந்தால்தான் குடிபுகுந்த கணக்கு. அதில் சைவம் வேதம் என்று பிரிவில்லை. அலம்பிலில் ஓலைக் கொட்டிலுக்குப் போன நாளிலும் செல்வரட்ணம்தான் பால் வைத்தார், அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு.

பாலைக் காஸ் அடுப்பில் வைத்துவிட்டுப் பாலேஸ்வரி பக்கத்தில் நின்றாள். நிரோஜினி நெருப்பைக் கொஞ்சம் குறைத்தாள். கமலாவதி வாசலில் நின்றுகொண்டு அன்பாகத்தான் கதைத்தார். தான் சும்மா ஒரு வார்த்தை சண்டிலிப்பாய்க்குப் போன் எடுத்து விசாரித்ததாகவும், நமசிவாயத்தார் எல்லாம் விபரமாகச் சொன்னதாகவும் சொன்னார்.

“மாஸ்ரர் இருந்திருந்தா பிள்ளையை இன்னும் எங்கையோ கொண்டுபோய் விட்டிருப்பார். குடுத்துவைக்கேல்லை.”

“எந்த மாஸ்ரர்?”

“உங்கடை இவரைத்தான் சொல்லுறன். கிளிநொச்சியிலை கணக்குப் படிப்பிச்சவராமெல்லே. நெஞ்சுவலியிலை போனவரெண்டு அண்ணை சொன்னவர். நல்ல இடத்து மாப்பிளை, என்ன செய்யிறது, சண்டைக் காலத்திலை மருந்தும் இல்லை எண்டு கவலைப்பட்டார்.”

குசினியில் பாலின் சத்தம் மெல்லக் கேட்டது. பாலேஸ்வரிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒரேயடியாக விளங்கியது. இத்தனை வருசமாகச் சண்டிலிப்பாயில் அவளுக்கு ஒரு புருசன் இருந்திருக்கிறான். வேட்டி கட்டி, சோக்குக் கட்டியோடு, நல்ல இடத்து ஆள். அண்ணன் தன் கையால் செய்து வைத்த மாப்பிள்ளை. கலியாணம் கட்டிவைத்து, வேலை கொடுத்து, கடைசியில் அழகாக நெஞ்சுவலியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அவளுடைய மனுசனுக்கு நெஞ்சில் ஒரு வலியும் இருந்ததில்லை. வலைஞர்மடத்தில், கடைசிச் சண்டையில் சனம் பதுங்குகுழிக்குள் பட்டினி கிடந்த நாட்களில், அவர் விடியப்புறம் கரையில் நின்று வீச்சுவலை எறிவார். பட்ட மீனைப் பக்கத்துக் குழிப் பிள்ளைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வருவார். அப்படி எறிந்துகொண்டிருந்த ஒரு காலையில் ஆமி அடித்த செல் விழுந்தது. அவள் ஓடிப் போனபோது வலை அவர் கையில் சுற்றியிருந்தது. பிரித்தெடுக்க நேரமில்லை. வலையோடேயே தன் சீலையால் சுற்றி மண்ணில் வைத்தாள். எட்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று கையால் மண் தள்ளியது. ஒரு குருசுகூட நட முடியவில்லை. அவருக்கு என்று அவளிடம் மிஞ்சியது அவர் பெயரும், அவர் செய்த தொழிலும், அவர் செத்த விதமும்தான். இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள்.

“என்ரை மனுசன் மாஸ்ரர் இல்லை,” என்றாள். “கடலுக்குப் போனவர். நெஞ்சுவலியிலை சாகேல்லை. செல் பட்டுச் செத்தவர்.”

கமலாவதி நம்பவில்லை. துக்கத்தில் எதையோ குழப்புகிறாள் என்று நினைத்தவர் போல, நிரோஜினியைப் பார்த்தார். நிரோஜினி நிலத்தைப் பார்த்தாள். உடனே கமலாவதி கைத்தொலைபேசியை எடுத்து நமசிவாயத்தாருக்கு அடித்து, உங்கள் தங்கச்சி வேறு விதமாக அல்லவோ சொல்லுகிறா என்றார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தையும் கூட்டிவிட்டார். பாலேஸ்வரி கையை நீட்டி அதை வாங்கினாள். அண்ணனோடு கதைத்து முப்பது வருசம் இருக்கும்.

“அண்ணை, நான் பாலேஸ். அந்த மாஸ்ரருக்கு என்ன பேர் வைச்சனீங்கள்?”

மறுபக்கத்தில் ஒரு இருமல் கேட்டது. குரல் கிழண்டிப்போயிருந்தது. அவளுடைய தகப்பன் கந்தவனத்தின் குரல் போலவே இருந்தது.

“பாலேஸ், பக்கத்திலை ஆக்கள் நிக்கினமோ?”

“ஓம். எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் நிக்கினம்.”

நமசிவாயம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மகள் கோபிகாவின் சம்பந்தத்துக்கு மாப்பிள்ளை பகுதி வந்து விசாரித்தார்கள். அத்தை ஒருத்தி வன்னியில் இருக்கிறாளாமே, யாரைக் கட்டியிருக்கிறாள் என்று கேட்டார்கள். என்னத்தைச் சொல்லுவது? ஒருமுறை சொன்னதை மாற்ற முடியாமல் போயிற்று. செல் பட்டது என்றால் புலி இயக்கத்து ஆளோ என்று அடுத்த கேள்வி வரும். ஆகவே நெஞ்சுவலி. இதில் ஒருத்தருக்கும் நட்டமில்லை. பார், அதனால்தானே இன்று உனக்கு வீடும் அமைந்தது. நாளைக்கு உன் பிள்ளைக்கு ஒரு இடம் பார்க்கவும் அது உதவும்.

முழுவதையும் கேட்ட பிறகு பாலேஸ்வரி சொன்னாள்.

“நல்லது அண்ணை. உங்கடை மாஸ்ரருக்கு நீங்களே திவசம் குடுங்கோ. என்ரை மனுசனுக்கு நான் பூசை ஒப்புக்குடுக்கிறன்.”

கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். கமலாவதி அதை வாங்கி, முன்றானையால் துடைத்தார். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, துடைத்ததைப் பாலேஸ்வரி பார்த்தாள்.

கமலாவதி சத்தம் போடவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. தனக்கு உந்த வித்தியாசம் ஒன்றும் கிடையாது என்றார். தன் மகனே ரொறன்ரோவில் ஒரு வெள்ளைக்காரியைக் கட்டியிருக்கிறான் என்றார். ஆனால் இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்றுதானே, வருகிற போகிற இனசனம் என்ன சொல்லும் என்றார். பிறகு கிட்ட வந்தார்.

“மாஸ்ரர் எண்டே இருக்கட்டும் பிள்ளை. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்களும் வாய் திறக்காதேங்கோ. வீட்டிலை இருங்கோ.”

வீடு கைக்குள் இருந்தது. வீட்டுப் பூட்டின் திறப்பு குசினி யன்னல் தட்டில் கிடந்தது. அடுப்பில் பால் பானையின் கழுத்துவரை ஏறி, விளிம்பில் நுரை கட்டத் தொடங்கியிருந்தது. நிரோஜினி தாயைப் பார்த்தாள். அவள் கண்ணில் அந்த வேலையும், மாபிள் பதித்த குளியலறையும், ஆடி மாத முடிவும் எல்லாம் இருந்தன. பாலேஸ்வரி அதையும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். பால் இறங்கியது.

“பால் பொங்கேல்லை, அக்கா,” என்றாள். “நாங்கள் உங்கடை வீட்டுக்கு இன்னும் குடிவரேல்லை.”

பழந்துணியால் பானையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். பைகளையும் பாயையும் மகள் எடுத்துக்கொண்டு வந்தாள். பிரகலாதன் ஓட்டோவுக்குள் கால் நீட்டிப் படுத்திருந்தான். பானையைக் கண்டதும் அவனுக்கு விசயம் விளங்கிவிட்டது. சீற்றில் பால் சிந்தினால் இலையான் மொய்க்கும் என்று மட்டும் சொன்னான்.

“கொழும்புத்துறைக்கு விடும்,” என்றாள் பாலேஸ்வரி.

வழி முழுக்கப் பாலேஸ்வரிக்குப் பிள்ளையின் வயிற்றில் அடித்துவிட்டோமோ என்று பயமாக இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒருத்தன் உயிரோடு இருக்கும்போது வீட்டுக்குள் எடுக்கமாட்டார்கள். செத்த பிறகு அவனை வேறு ஆளாக்கி எடுப்பார்கள். அதற்கு வாடகையும் குறைப்பார்கள். ஓட்டோ பள்ளத்தில் விழுந்து எழும்பும் ஒவ்வொரு முறையும் பால் தளும்பி அவள் சீலையில் கொட்டியது. அவள் துடைக்கவில்லை.

பரவைக் கடல் ஓரமாக, வலைகள் காயப்போட்டிருந்த ஒரு வெளிக்கு அப்பால் மக்டலீனின் வளவு இருந்தது. தகரக் கூரை போட்ட ஓர் அறையும் குசினியும். வாசலில் குந்தியிருந்து நண்டு வலையில் பாசி எடுத்துக்கொண்டிருந்த மக்டலீன் எழும்பவில்லை. கதிரையும் காட்டவில்லை. வீடு கேட்டு வந்திருக்கிறார்கள் என்று பிரகலாதன் சொன்னதும், வேலையை நிறுத்தாமலே வீட்டின் குறைகளைச் சொல்லத் தொடங்கினார். மாரியில் முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். கிணறு உவர், குடிக்கிறதற்குத் தண்ணீர்ப் பவுசர் வரும்போது பிடித்து வைக்க வேண்டும். கூரை ஒரு இடத்தில் ஒழுகும், மகன் கடலால் வந்ததும் பார்ப்பான். நகரத்தில் அத்தனை நாள் அலைந்ததில், ஒரு வீட்டைப் பற்றி உண்மை சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்திப் பாலேஸ்வரியின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். எந்தப் பகுதி ஆட்கள் நீங்கள் என்று இங்கேயும் கேள்வி வந்தது. பாலேஸ்வரிக்குக் கோபம் உச்சியில் ஏறியது. வாய் திறப்பதற்குள் பின்னால் நின்ற நிரோஜினி பையைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

“என்ரை அப்பா அந்தோனிப்பிள்ளை செல்வரட்ணம். கடற்தொழில். வலைஞர்மடத்திலை வீச்சுவலையோடை நிக்கேக்கை செல் பட்டுச் செத்தவர். அம்மா சண்டிலிப்பாய். வேறை என்ன கேக்கப்போறியள்?”

மக்டலீன் பாசி எடுத்த கையை வலையில் வைத்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்பா எந்தக் கரை?” என்று கேட்டார்.

“குருநகர்.”

“குருநகர் ஆக்கள் கொஞ்சம் வாய்க்காரர்.”

“அவர் வாய்க்காரரில்லை,” என்றாள் பாலேஸ்வரி. “நாங்கள்தான்.”

மக்டலீன் வலையை ஒதுக்கி வைத்துவிட்டு எழும்பி, கையைச் சீலையில் துடைத்தார். பானைக்குள் எட்டிப் பார்த்து, பாதிப் பாலை வழியில் ஊற்றிவிட்டீர்களே என்றார். அடுப்பு உள்ளே இருக்கிறது, விறகு ஈரம், ஊதித்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஊதுகுழல் எடுக்கப் போனார்.